வளைகாப்பு அன்று வந்த தண்ணீர்

வாய் ஓயாமல் பேசி என்னையும் பேச வைத்த என் அண்ணிக்கு,

கடை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பீர்கள். இல்லை அண்ணி. நம் பொம்மைக்கடை தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. தெருவும் அப்படித்தான். அண்ணன் நன்றாக இருக்கிறார், அதற்காகப் பதறாதீர்கள். ஆனால் நம்மில் ஒருவர் இல்லை. யாரென்று எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். இருந்தவரை உங்களால் முடியாத காரியம் அது.

உங்கள் காரியம் முடிந்த அந்த மாதமே ஊருக்குள் கல் நட்டார்கள். ஆற்றுக்குக் குறுக்கே கீழே அணை கட்டுகிறார்களே, அது நிரம்பினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டுகிற கல். சுண்ணாம்பு பூசி, நம் கடையைத் தாண்டி, கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் ஒன்று நின்றது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் முழுகும். வந்தவர்கள் பொறுமையாகத்தான் விளக்கினார்கள். ராகி அறுவடை ஆனதும் எல்லோரும் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். சரி சரி என்று தலையாட்டினோம். அப்புறம் அந்தக் கல்லில் ஆடு கட்டினோம்.

கடையை நான் விடவில்லை. தொட்டிலுக்குத் தொங்கவிடும் துணிக்கிளியை உங்களைப் போலவே தைத்தேன். உங்கள் கிளிக்கு இருந்த திமிர் மட்டும் என் கிளிக்கு வரவில்லை. பனையோலைக் கிலுகிலுப்பை, வசம்பு வளையல், மணிகோத்த தோரணம் என்று அக்கம்பக்கத்தார் செய்து கொடுப்பதும் நிற்கவில்லை. ராயக்கோட்டைச் சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்கிப் போனார்கள். தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு நம் கடையிலேயே வளைகாப்பு என்று ஒரு வழக்கம் வைத்தீர்களே, அதையும் விடவில்லை.

போன வருஷம் ஆவணியில் அப்படி ஒருத்தி வந்தாள். நாகம்மா. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பெண். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டதால் பிறந்த வீட்டுக் கதவு மூடிவிட்டது. புருஷன் ராமையாவுக்கு அணையில் கல் சுமக்கிற வேலை. ஏழாம் மாதம், வயிறு தெரிந்தது, முகத்தில் மட்டும் சதையே இல்லை. "எனக்கு யாரு செய்வாங்கக்கா?" என்று கடை வாசலில் நின்று கேட்டாள். உங்கள் இடத்தில் நின்றுகொண்டு நான் என்ன சொல்வேன்? நாள் பார்த்தோம்.

அந்த நாட்களிலேயே ஊர் சரியாக இல்லை அண்ணி. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறியது. நாய்கள் பகலிலேயே கரட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. கொல்லைக் கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மழை இல்லை, ஆனாலும் ஏறியது. எதிர்வீட்டுப் பெருமாளக்காவிடம் சொன்னேன். "கெணறு ஏறுனா சந்தோசப்படுவியா, இப்படி மூஞ்சியத் தொங்கப் போடுவியா?" என்று சிரித்தார். அவர் சிரிப்புதான் உங்களுக்குத் தெரியுமே, தெருமுனை வரை கேட்கும்.

வளைகாப்பு அன்று காலையில், கல் ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒருவர் வந்து நின்றார். ராமையா சொல்லி அனுப்பியிருந்தான். "மைசூர்ப் பக்கம் பயங்கர மழையாம். ஆத்துல தண்ணி வேகமா வருதாம். சாக்கிரதையா இருக்கச் சொன்னான்." எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு தூறல் கூட இல்லை. "ஆம்பளைங்க இப்படித்தான், வேலைக்கு நடுவுல பொண்டாட்டி நெனப்பு வந்துட்டா மழை வெள்ளம்பாங்க" என்றார் பெருமாளக்கா. சிரித்துக்கொண்டே பாயை விரித்தோம்.

நாகம்மாவை உட்கார வைத்து, முதலில் வேப்பங்கொழுந்துக் காப்புப் போட்டோம். பெருமாளக்காதான் மூத்த சுமங்கலி; அவர் ஆரம்பிக்க, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த அவர் மகள் சிவகாமி வளையலை எடுத்துக் கொடுத்தாள். ஒருத்தி தெலுங்கில் பாடினாள், இன்னொருத்தி கன்னடத்தில் எடுத்தாள். நாகம்மாவின் வலது கை நிறைந்தது. அப்போதுதான் அவள் முகத்தில் முதன்முதலாகக் கொஞ்சம் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். ஆரத்திக்குத் தண்ணீர் வேண்டுமே என்று நான் கொல்லைக்குப் போனேன்.

கயிறு தேவைப்படவில்லை அண்ணி. தண்ணீர் கிணற்று வாய்க்கு வந்திருந்தது. நம் கிணற்றுத் தண்ணீரின் நிறமே அல்ல, செம்மண் கரைத்த மாதிரி. அதில் வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தது. துணி துவைக்கிற கல்லின்மேல் ஒரு சாரைப்பாம்பு, என்னைப் பார்த்தும் ஓடாமல் படுத்திருந்தது. அதற்கு அப்பால், கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம், ராகிக் கொல்லை தண்ணீரில் பளபளத்தது. சத்தமே இல்லை. வெள்ளம் என்றால் இரைச்சலோடு வரும் என்றல்லவா நாம் நினைத்திருந்தோம்?

குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். "எல்லாரும் எழுந்திரிங்க. கரட்டுக்குப் போவணும். இப்பவே."

"இடது கை இன்னும் மொட்டையா இருக்குடி" என்றார் பெருமாளக்கா. "பாதியில எழுப்பக் கூடாது. வயித்துப் புள்ளைக்கு ஆவாது. நாலு வளையலப் போட்டுட்டுப் போலாம்."

"ஒண்ணு கூட வேணாம்க்கா. தண்ணி வேலிக்கு வந்துருச்சு."

யாரும் அசையவில்லை. நாகம்மா என்னையும் பார்த்தாள், தன் வெறுங்கையையும் பார்த்தாள். "பேடக்கா" என்று அழுதாள், வேண்டாம் என்று. நான் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டேன். பின்னாலிருந்து "பாவி" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று இதுவரை நான் விசாரிக்கவில்லை. அதற்குள் வாசல் சாக்கடை எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகு எல்லோரும் கரட்டுப் பக்கம் ஓடினோம்.

கரட்டு ஏற்றத்தில் பாதி போயிருப்போம், பெருமாளக்கா நின்றுவிட்டார். "மாட்ட அவுக்காம வந்துட்டேன்." நான் அவர் கையைப் பிடித்தேன். "வாயில்லா சீவன்டி, கட்டிப் போட்டது நாந்தானே?" என்று உதறிக்கொண்டு இறங்கினார். சிவகாமி பின்னாலேயே ஓடப் பார்த்தாள். அவளைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாடு வந்தது. நீந்தி, கரையேறி, உடம்பெல்லாம் சேறாக, எங்கள் நடுவில் வந்து நின்று மூச்சு வாங்கியது. கழுத்துக் கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சை அக்கா அவிழ்த்துத்தான் விட்டிருந்தார். சிவகாமி அந்தக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே நின்றாள். பொழுது சாயும் வரை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். மறுநாள் புளியந்தோப்புப் பக்கம் அக்காவைக் கண்டெடுத்தார்கள்.

எங்களை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பாதியில் நிறுத்திய சடங்கு ஒரு உயிரைக் கேட்டு வாங்கிவிட்டது, இன்னொன்றையும் கேட்கும் என்று கிசுகிசுத்தார்கள். நாகம்மா இருக்கும் மூலைக்கு யாரும் போகவில்லை. அவள் சோறு தொடுவதை நிறுத்தினாள். இடது கையை முந்தானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ராமையா வந்து கெஞ்சினான், அதட்டினான், கடைசியில் அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். ஒரு மத்தியானம், மாதம் நிறையும் முன்பே, அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி உள்ளே போய்விட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "பொண்ணு முக்கவே மாட்டேங்குது. சாகணும்னு படுத்திருக்கு."

அப்போது சிவகாமி எழுந்தாள். தாயைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. நேராக நாகம்மாவிடம் போனாள். ஏசப்போகிறாள், அடிக்கப்போகிறாள் என்று நான் பின்னால் ஓடினேன். அவள் தன் கையிலிருந்து ஒரு பச்சை வளையலைக் கழற்றினாள். நாகம்மாவின் இடது கையை முந்தானையிலிருந்து இழுத்தாள். விரல்களைக் குவித்து, எங்கும் கீறாமல், மெதுவாக ஏற்றினாள்.

"எங்கம்மா மாட்டுக்குப் போனாங்க. உன்னால போவல. கேக்குதா? போட ஆரம்பிச்சத முடிக்கத்தான் வந்துருக்கேன். நீ புள்ளயப் பெறு."

பிறகு கதவுப் பக்கம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். கிசுகிசுத்தவர்களே ஒவ்வொருவராக வந்தார்கள். கழற்றின வளையல், தேய்ந்த வளையல், விரிசல் விட்ட வளையல், எல்லாம் அந்தக் கையில் ஏறின. நாகம்மா அப்போதுதான் வாய்விட்டுக் கத்தினாள். விளக்கு வைக்கும் முன் பெண் குழந்தை பிறந்தது. ஒரு முழம்கூட இருக்காது. அழவே யோசித்தது, பிறகு அழுதது. இப்போது தவழ்கிறது அண்ணி, எதைக் கண்டாலும் வாயில் போடுகிறது.

புதுக் குடியிருப்பில் தகரம் வேய்ந்து கடை போட்டுவிட்டேன். ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் வாசலில் நின்றால் தண்ணீர் தெரிகிறது. இந்த வருஷம் அது இன்னும் பக்கத்தில் இருக்கிறது. உங்களை அடக்கம் செய்த மேடும் உள்ளேதான் போய்விட்டது. அண்ணன் சாயங்காலம் கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால், காற்று வாங்குகிறேன் என்கிறார். அங்கே உங்களுக்குக் குளிருமா? அவர் என்னிடம் கேட்க முடியாததை நான் உங்களிடம் கேட்கிறேன்.

இப்போது சிவகாமிக்கு ஏழாம் மாதம் வருகிறது. ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறார்கள். அடைமழைக் காலம், தை பிறக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "தைக்குள்ள புள்ளையே பொறந்துரும், அப்புறம் யாருக்குப் போடறது வளையல?" என்று சிரித்தாள். அவள் அம்மாவின் சிரிப்பு, அதே சத்தம். அதைக் கேட்டதும் நான் வாசலுக்குப் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அதனால் இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அன்றைக்குப் பாட்டுப் பாடவோ பந்தி விசாரிக்கவோ நான் உள்ளே வரமாட்டேன். வாசற்படியில், தண்ணீரைப் பார்த்தபடி நிற்பேன். ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கமாட்டேன். உள்ளே எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சிவகாமியே வந்து என் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்புவேன்.

உங்கள் கழுத்தில் மூன்றாம் முடிச்சுப் போட்ட நாத்தனார்,
கமலா