இரண்டு சட்டி வீட்டின் தேனிலவு

ஜனவரி 7

நேற்று டெல்வா அக்கா வீட்டில் மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டி வெட்டினோம். எதிர்பார்த்தபடியே என் புருஷன் நீனோ வெட்டிய துண்டில்தான், ரொட்டிக்குள் ஒளித்து வைக்கிற பிளாஸ்டிக் குழந்தை பொம்மை மாட்டியது. யாருக்குப் பொம்மையோ அவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமாலெஸ், அதாவது சோள மாவுக்குள் இறைச்சி வைத்து இலையில் மடித்து அவிப்பது, போட வேண்டும். மெக்சிகோவில், அதுவும் எங்கள் தொலூகாவில், இதற்கு மேல்முறையீடு கிடையாது.

அக்கா விடுவாளா? சந்தையில் இருபது வருஷமாகச் சொரீசோ, குடலில் அடைத்த மசாலாப் பன்றியிறைச்சி, விற்கிற வாய். "என்ன மாப்ளே, தமாலுக்குள்ள என்ன வைக்கப் போறீங்க, வெறும் காத்தா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. நீனோவும் சிரித்தான், பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னான்: நான் சாப்பிட முடியாததை மற்றவர்களுக்கு எப்படிப் போடுவது, ரெமெ?

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கத்தியை அந்த இடத்தில்தான் வைக்க வேண்டுமா? ஒரு இஞ்ச் தள்ளி வெட்டக் கூடாதா?

அவன் முஸ்லிமாகி ஒன்றரை வருஷம். வீட்டில் இரண்டு சட்டி, இரண்டு வாணலி. தன் மீனை, தன் முட்டையை அவனே சமைத்துக்கொள்கிறான். என் கையால் அவன் இன்னும் சாப்பிடுவது ஒன்றே ஒன்றுதான்: வதக்கி மசித்த கறுப்புப் பயறு.

ஜனவரி 9

தொழுகைக்கூடத்து யூனுஸ் இப்போது வடக்கே எல்லையில், திஹுவானாவில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறானாம். அங்கே இவர்கள் ஆட்கள் நிறைய, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, வந்துவிடு என்கிறானாம். பிப்ரவரி கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "யோசிச்சிட்டிருக்கேன்" என்றான் நீனோ. நீயும் வருவாயா என்று என்னைக் கேட்கவில்லை.

ஜனவரி 10

அக்காவிடம் சொன்னதே தப்பு. "தட்டை மாத்தினவன் நாளைக்கு வீட்டையும் மாத்துவான்டி" என்றாள். பகல் முழுக்க அதுவே காதில் குடைந்தது.

சரி. என்ன செய்யலாம்? கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். தேனிலவு என்று ஒன்று நடக்கவே இல்லை. கல்யாணம் முடிந்து சர்ச்சிலிருந்து வந்த மறுநாளே அக்கா கடையில் குடலுக்குள் இறைச்சி திணித்துக்கொண்டிருந்தேன். அவன் பஸ் டிப்போவில் எஞ்சினுக்கு அடியில் கிடந்தான்.

ஒரு வாரம் பாத்ஸ்குவாரோ போகிறோம். ஏரி, பழைய ஓட்டு வீடுகள், பெரிய சதுக்கம். அவன் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், நிம்மதியாகத் தொழ வேண்டும், நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அவனை அங்கே அப்படிப் பிடித்து வைத்துக்கொள்வேன். பிப்ரவரி இரண்டாம் தேதி ஊரிலேயே இருக்க மாட்டோம், தமாலெஸ் கண்டமும் தப்பும்.

ஜனவரி 13

மூன்று விடுதிகளுக்குப் போன் செய்தேன். முதல் ஆள், பன்றி வேண்டாம் என்றதுமே சிரித்தான். "அம்மா, எங்க மிச்சோவகான் மாநிலத்துக்கு வந்து பன்றி வேணாம்னா, கல்யாண வீட்டுக்குப் போய் பட்டினி கிடக்கறேன்னு சொல்ற மாதிரி இருக்கு." இரண்டாமவள் கோழி இருக்கிறதே என்றாள். எப்படி அறுத்தது என்று கேட்டேன். செத்த கோழிதான், சந்தேகமே வேண்டாம் என்றாள்.

மூன்றாவது, தோன்யா ஹெலாசியா. சின்ன விடுதி, அவளே சொந்தக்காரி, அவளே சமையல்காரி. பொறுமையாகக் கேட்டாள். மீன் சாப்பிடுவாரா, முட்டை, பாலாடைக்கட்டி? குடிக்க மாட்டாரா? "நல்ல புருஷனாத்தான் தெரியுது தாயி. என்ன குறைன்னு இவ்வளவு பயப்படறே?" என்றாள். முன்பின் தெரியாத பொம்பளையிடம் என்னத்தைச் சொல்வது?

ஜனவரி 15

தொழுவதற்கு வடகிழக்குப் பக்கம் வேண்டும், மெக்கா எங்களுக்கு அந்தத் திசையில்தான். ஏரி தெரிகிற அறையில் அந்தச் சுவரில் கட்டிலுக்கு மேலே மாதா படம். கழற்றிவிடட்டுமா என்றாள் ஹெலாசியா. வேண்டாம் என்றேன். மாதாவைக் கழற்றிவிட்டு எனக்கு என்ன தேனிலவு? அவன் மாதாவைப் பார்த்துத் தொழவும் முடியாது.

பின்கட்டு அறை இருக்கிறதாம். அங்கே வடகிழக்கில் ஜன்னல், மாதா எதிர்ச்சுவரில். ஏரி தெரியாது. கோழிக்கூண்டு தெரியும். எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 18

திட்டம் போட்டுவிட்டேன்: முதல் நாள் சதுக்கத்தைச் சுற்றி நடை, பாத்ஸ்குவாரோ ஐஸ்கிரீம். ரோம்போபெ வகை மட்டும் கூடாது, அதில் ரம் ஊற்றுகிறார்கள், கடைக்காரனிடமே போனில் கேட்டுவிட்டேன். இரண்டாம் நாள் படகு. சின்ன ஏரி மீன், எலுமிச்சை பிழிந்து. ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போவேன், அவன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பிறகு கைகோத்துக்கொண்டு வருவோம். நாற்பத்து மூன்று வயதில் இதையெல்லாம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஜனவரி 21

பாத்ஸ்குவாரோ பயணத்தை நீனோவிடம் சொல்லிவிட்டேன். ஜெலட்டின் பெட்டியின் பின்பக்கத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான் — எதில் எது கலந்திருக்குமோ என்று எல்லாவற்றையும் படிப்பான். பெட்டியைக் கீழே வைத்தான். "தொழ எடம்கூடப் பாத்து வச்சியா? எனக்காகவா?" என்றான். இல்லை, கோழிகளுக்காக என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என் தலையைத் தடவினான்.

யூனுஸுக்குப் பதில், போய் வந்த பிறகுதானாம்.

ஜனவரி 24

ஹெலாசியா போன் செய்தாள். பிப்ரவரி இரண்டுக்குக் கொருந்தா செய்கிறாளாம், அவர்கள் ஊர்த் தமால், சோள இலையில் மூணு மூலை வைத்து மடிப்பது. உள்ளே இறைச்சி கிடையாது, உன் வீட்டுக்காரருக்குச் சரிப்படும் என்றாள். பிறகு அவளே நிறுத்தினாள்.

"இரு தாயி. மாவை மாந்தெகா போட்டுத்தானே அடிக்கறோம். அது பன்றிக் கொழுப்பாச்சே. அவருக்கு ஆகுமா?"

ஆகாது என்றேன். அப்படியானால் வெண்ணெய் போட்டுக்கொள்கிறேன், பயறையும் எண்ணெயிலேயே வதக்கிவிடுகிறேன், நல்லவேளை கேட்டேன் என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்படியைப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை டப்பா. அக்கா கடை மாந்தெகா. அதில்தான் பயறு வதக்குகிறேன். எங்கள் அம்மாவும் அதில்தான், எல்லோரும் அதில்தான். பன்றி என்றால் எங்களுக்கு இறைச்சி, சொரீசோ, தோல் வறுவல். மாந்தெகாவை யார் பன்றி என்று நினைத்தார்கள்? அது அடுப்படியில் உப்பு மாதிரி ஒரு சாமான்.

ஒன்றரை வருஷம். வாரத்துக்கு நாலு நாள். ஐயோ, என்ன காரியம் செய்தேன்.

ஜனவரி 25

அக்காவிடம் கேட்டேன். "வாயைத் திறக்காதே. தெரியாத வயித்துக்கு வலி கிடையாது. இன்னைலேருந்து எண்ணெய்ல போடு, முடிஞ்சுது" என்றாள்.

சொன்னால்? என் கையால் அவன் சாப்பிடுவது அது ஒன்றுதானே. வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டால்? நினைக்கக் காரணமும் இருக்கிறது. அவன் மாறின புதிதில் நான் பேசாத பேச்சா. பொம்பளை மேல் பொறாமைப்பட்டால் நாலு பேரிடம் சொல்லி அழலாம், நான் கடவுள் மேல் பொறாமைப்பட்டேன். அவனுக்கு அது தெரியும்.

ஜனவரி 28

நாலு நாளாகப் பயறு செய்யவில்லை. ஏன் என்று கேட்டான். தீர்ந்துவிட்டது என்றேன். அலமாரியில் இரண்டு கிலோ இருக்கிறது. அவனும் பார்த்திருப்பான்.

ஜனவரி 31

வந்து சேர்ந்தோம். கோழிக்கூண்டைப் பார்த்து அரை மணி சிரித்தான்.

பிப்ரவரி 1

இன்றைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. படகில் காற்றுக்குத் தன் ஜாக்கெட்டை எனக்குப் போட்டுவிட்டான். மதியம் ஹெலாசியா எண்ணெயில் வதக்கிய பயறு வைத்தாள். நீனோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவள் காதில் விழாதபடி சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் பயறு மாதிரி வராது."

நாளைக்குச் சொல்லிவிடுவேன். இப்படி ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்து நடக்க என்னால் முடியாது.

பிப்ரவரி 2

பூசை முடிந்து வந்தேன். வாசல் பெஞ்சில் எனக்காக வெயிலில்லாத பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். அங்கேயே சொன்னேன்.

"நம்ம வீட்டுப் பயறை மாந்தெகாலதான் வதக்கினேன், நீனோ. இத்தனை நாளும். சத்தியமா எனக்குத் தோணவே இல்ல. போன வாரம்தான் புரிஞ்சுது."

எத்தனை நாளாக என்று கேட்டான். எப்போதுமே என்றேன். எழுந்து விடுதிக்கு நடந்தான், நான் நாலடி பின்னால். ஹெலாசியா வெண்ணெய்க் கொருந்தாவை ஆவியோடு கொண்டு வந்து வைத்தாள். அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் ஒரு கொருந்தாவை வைத்துக்கொண்டு அழுதேன், அவள் என் எதிரே உட்கார்ந்து இலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 3

காலையில் எழுந்தபோது ஆள் இல்லை. படகுத்துறைக்குப் போனதாக ஹெலாசியா சொன்னாள். தனியாகச் சதுக்கத்தைச் சுற்றினேன். போய்விடுவான். திஹுவானாவுக்கு. நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எதற்குச் சொன்னேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்? ரெண்டுங்கெட்டான் பொழப்பு.

சாயங்காலம் வந்தான். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். தொழுகைக்கூடத்துப் பெரியவருக்குப் போன் செய்தானாம். தெரியாமல் சாப்பிட்டதற்குக் குற்றமில்லை, இனிமேல் வேண்டாம், அவ்வளவுதான் என்றாராம். நான் தலையாட்டினேன்.

பிறகு கேட்டான். "அந்த மாந்தெகா நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

அக்கா கடையிலிருந்து என்றேன்.

"கடைலேருந்து யாரு தூக்கிட்டு வந்தா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை இவன்தானே சந்தைக்குப் போவான். அக்கா நீட்டுகிற சொரீசோவை நெஞ்சில் கை வைத்து மரியாதையாக மறுத்துவிட்டு, அடுத்த கையால் மாந்தெகா டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவான். ஒருமுறை மறந்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் எடுத்து வந்தான்.

"ஜெலட்டின் பெட்டியப் படிச்சேன்" என்றான். "சூயிங்கம் உறையப் படிச்சேன். அந்த டப்பா மேல பன்றிப் படமே போட்டிருக்கு, ரெமெ."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்பு எனக்கு அழுகையாகிவிட்டது. நீ வேண்டுமென்று செய்ததாக நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை என்றான். பின் எதற்கு அப்படிப் போனாய் என்று சண்டை பிடித்தேன்.

"வீட்ல எல்லாம் ரெண்டாப் போச்சு. அந்தப் பயறுக்காகத்தான் தினம் வீட்டுக்கு வந்துட்டிருந்தேன். இனி அதுவும் இல்லன்னா உனக்கும் எனக்கும் என்ன மிச்சம்னு பயந்துட்டேன்" என்றான்.

நானும் அதற்குத்தான் பயந்தேன், முட்டாளே. இதை அவனிடமே சொன்னேன்.

பிப்ரவரி 4

ஹெலாசியா தன் அடுப்பைக் கொடுத்தாள். எண்ணெயில் வெங்காயத்தைக் கருக வதக்கி, வாசனைக்கு அபாசோத்தே இலை போட்டு நானே செய்தேன். சப்பென்றிருந்தது. நீனோ சுமார் என்றான், ஹெலாசியா மோசம் என்றாள். மதியம் வெங்காயத்தை நீனோ வதக்கினான். அதுவும் மோசம்.

பிப்ரவரி 6

பஸ்ஸில் என் தோளில் தூங்கினான். வழியெல்லாம் குறட்டை.

பிப்ரவரி 28

பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். யூனுஸின் போன் வந்தது. நீனோ மடியில் முறம், எழுந்திருக்கவில்லை. "நீயே எடு. நாங்க வரலன்னு சொல்லிடு" என்றான்.

சொன்னேன். யூனுஸ் நல்ல பையன், பரவாயில்லை அக்கா என்றான். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் பக்கத்துப் பயறில் இன்னும் நிறையக் கல் இருக்கிறது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார் என்கிறான்.