கூஜாவை விட்டுப் பறந்த கிளி

புத்தூர்,
ஆவணி, 1960

அன்பு அக்கா மகளுக்கு,

யாருமே நம்பப்போகாத கதை ஒன்றை, திருப்பதி மலை இருக்கும் திசை பார்த்து நின்று, பயபக்தியோடு எழுதுகிறேன்.

உன் கல்யாணச் சீருக்கென்று திருப்பதியில் வெள்ளைப் பீங்கான் கூஜா வாங்கி, அதில் ஒரு கிளி வரைந்தேன். சித்திரத்தில் கண்ணைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். ஈரேழு உலகமும் போற்றும் சித்திரக்காரனான நான், காலடியில் கிளை வரைவதற்கு முன்பே கண்ணைத் திறந்துவிட்டேன். கிளி விழித்துக்கொண்டது.

“யோவ், நான் எங்கய்யா குந்துறது?” என்று கேட்டுவிட்டுப் பறந்தது.

வயல்கள் பச்சைப் புகைபோல அதன் வயிற்றுக்குக் கீழே மிதந்தன. நகரிக்கு அப்பால் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே புது எல்லைக் கல் நட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து, “ஏ கிளி, நீ ஆந்திராவா, மெட்ராஸா?” என்றார்கள்.

“பழம் துன்ற பக்கம்” என்றது கிளி.

இந்தப் புத்தி உன் நைனாவுக்கும் எனக்கும் இருந்திருந்தால், எல்லைக்காகச் சண்டை போட்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருப்போமா?

திருத்தணியில் உன் கல்யாணப் பந்தல். மேளச் சத்தத்தில் மிதந்து வந்த கிளி, வாசல் வாழைமரத்தருகே நின்றது. தாய்மாமன் போடவேண்டிய மாலையை வேறு யாரோ உனக்குப் போடுவதைப் பார்த்தது. உள்ளே வராமல் திரும்பி, கூஜாவிலேயே ஒட்டிக்கொண்டது.

கூஜாவுக்குள் இந்தக் கடிதத்தைப் போட்டு அனுப்புகிறேன். கிளை இன்னும் வரையவில்லை. நீ கூப்பிட்டால் உன் வீட்டுக்கே வந்து வரைகிறேன்.

கிளி பறந்தது, பேசியது எல்லாம் புளுகு. வாழைமரத்தருகே நின்றது மட்டும் நிஜம். நின்றவன் நான்.

இப்படிக்கு,
உன் மாமன்