பட்டியலில் எல்லாமே புத்தகம்

கசாமா,
வியாழன் மாலை

அன்புள்ள முவான்சாவுக்கு,

நான் நலம். உன் சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. போனில் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் எழுதி லுசாக்கா பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆத்திரமாக வருகிறது. பாதி சிங்காலா மேல், பாதி என் மேல். நீ லுசாக்காவுக்கு மாற்றலாகிப் போன பிறகு நம் நூலகப் பட்டியலை இணையத்தில் ஏற்றினோம். ஐயாயிரம் புத்தகம் காட்டினால்தான் நன்கொடைக்காரர்கள் புதுக் கணினி தருவார்களாம். நம்மிடம் முந்நூறு குறைந்தது. சிங்காலா தலைமை நூலகர் அல்லவா, என் மேசைக்கு வந்து, "கேசட்டு, சிடி எல்லாத்தையும் புத்தகம்னே போடும்மா. நூலகத்துக்குள்ள இருக்கிறது புத்தகம் இல்லாம பூசணிக்காயா?" என்றார். நானும் போட்டேன். நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே புத்தகப் படத்தை ஒட்டினேன். கணினி வந்த அன்று கோழி அடித்து நிஷிமாக் களியோடு சாப்பிட்டோம். வெட்கமில்லாமல் இரண்டு துண்டு கேட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து படுகிற பாடு கொஞ்சமில்லை. நர்சிங் படிக்கிற ஒரு பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு முங்வியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தாள். அலமாரியில் இருந்தது சிடி. "இத எந்தப் பக்கம் திருப்பிப் படிக்கிறதுக்கா?" என்று கேட்டாள். சிங்காலாவிடம் போய், படத்தையாவது மாற்றுவோம் என்றேன். எண்ணிக்கை குறைந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் நான் மலேரியாவில் படுத்திருந்தபோது, ஒரே பெயரில் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை லுசாக்காவில் உங்கள் கிடங்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். இடம் இல்லையாம். கணினி பட்டியல் போட்டுக் கொடுத்தது, பெட்டி கட்டி அனுப்பிவிட்டார்கள். 'கலுலு முயல் கதைகள்' இரண்டு பிரதி என்று காட்டியிருக்கிறது. ஒன்று அச்சுப் புத்தகம். மற்றது எது என்று உனக்கே தெரியும். பூப்பே அம்மாவை நம் கூட்ட அறையில் உட்காரவைத்து, கதை சொல்லச் சொல்லி நீயும் நானும் பதிவு செய்த கேசட். வேறு நகல் கிடையாது.

இன்று வியாழன். கப்பாசா ஐயா வழக்கம்போல் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். மனைவி பூப்பே அம்மா காலமான இந்த இரண்டு வருடத்தில், அந்தக் கேசட்டைக் கேட்க ஒரு வியாழன் தவறியதில்லை. பார்வை போனவர், வேறெதையும் கேட்பதுமில்லை. எதற்கு என்று தெரியவில்லை, பதற்றத்தில் அந்த அச்சுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது தாளும்மா. எனக்கு அவ வேணும்" என்றார். டேப் ரெக்கார்டர் ரிப்பேரில் இருக்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும் என்று பொய் சொன்னேன். "ரிப்பேருக்குக் குடுக்கும்போது கேசட்ட உள்ள விட்றாதீங்க, இழுத்துச் சிக்கிக்கும்" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

முவான்சா, திங்கட்கிழமை உங்கள் கிடங்கில் தரம் பிரிப்பார்கள். கேசட்டைக் கண்டால் பழைய சாமான் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் போய்ப் பார். எங்கள் பெட்டிகள் மொத்தம் பதினாறு. பட்டியலை நம்பாதே, அதில் எல்லாமே புத்தகம்தான், எழுதியவள் நான். கையை விட்டுத் தேடு.

கிடைத்தால் ஒருமுறை போட்டுப் பார். இரண்டாம் பக்கத்தில், முயல் கிணற்றுக்குப் போகிற இடத்தில், ஒருவர் இருமுவார். பூப்பே அம்மா கதையை நிறுத்திவிட்டு, "கப்பாசா, வெளிய போய் இருமுங்க" என்று சிரிப்பார். அது வந்ததும் நிறுத்திவிடு. மீதியை அவர் கேட்கட்டும்.

உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். அடுத்த வியாழனுக்குள் அனுப்பிவிடு.

உன்,
கலூபா