மாமி பார்த்த கை

செவ்வாய்க்கிழமை, நவம்பர், இரவு

நித்திரை வரவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது கோட்-டெ-நெய்ஜ் வீதி பஸ்ஸில் ஒருவன் சனநெரிசலைச் சாட்டாக வைத்து என் இடுப்பைப் பிடித்தான். நான் கத்தினேன். அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டான். எதிர்ச் சீட்டில் கோயிலில் பழக்கமான ராணி மாமி இருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். அந்தத் தைரியத்தில்தான் பொலிசுக்குப் போய், சாட்சியாக அவருடைய பெயரைக் கொடுத்தேன்.

பின்னேரம் பொலிஸ்காரி போன் எடுத்தாள். நல்ல மாதிரித்தான் கதைத்தாள். பஸ் கமராவில் வெறும் குளிர் ஜாக்கெட்டுகள்தான் தெரிகின்றனவாம். மாமி, தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். சாட்சி இல்லாமல் இதற்கு மேலே கொண்டுபோக ஏலாதாம்.

உடனே மாமிக்கு எடுத்தேன். "கோடு கச்சேரி எண்டு திரிஞ்சால் உன்ர பேர்தான் பிள்ளை கெடும். நான் உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்" என்றார்.

அம்மாவிடம் ஒருவன் பஸ்ஸில் தொட்டான் என்று மட்டும் சொன்னேன். "அவ்வளவு சனத்துக்குள்ள ஏன் ஏறினனி? அடுத்த பஸ்ஸில வந்திருக்கலாம்தானே?" என்றார்.

நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகவேண்டும். அவனும் தினமும் அதில் வருகிறவனாக இருந்தால்? முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்க, அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ராணி இப்பதான் போன் எடுத்தவ. மோதிரம் போட்ட கையாமே? கலியாணம் கட்டினவனோ, பிள்ளை?"

மோதிரத்தை நான் காணவே இல்லை.