கோட்டைத் தாண்டியது

மார்ச் 3

அடி குள்ளி,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. எழுத முடிகிறது.

மருத்துவமனையில் என்மேல் நடந்த விசாரணை முடிந்தது. அந்த லாரி ஓட்டுநரின் புண்பட்ட காலில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று காலையில் பேனாவால் கோடு போட்டேன். எப்போதும் செய்வதுதான். கணுக்காலுக்குச் சற்று மேலே. மாலையில் வந்து பார்த்தால் சிவப்பு முழங்காலைத் தொட்டிருந்தது. காலையே வெட்டியெடுத்தோம்.

“எந்தக் கிருமியும் அவ்வளவு வேகமா ஏறாதும்மா. காலைல நீங்க சரியாப் பார்க்கல,” என்றார் தலைமை மருத்துவர். அவர் கையில் உன் ஆய்வகத்தின் அறிக்கை. அதே கிருமியை ஏற்றிய எலிகள் தின்றுகொண்டு திரிகின்றன. ஆகவே கிருமி பலவீனமானது. ஆகவே தப்பு என்னுடையது.

உன்மேல் வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

கத்தியைத் தொடுவதில்லை. மாத்திரை எழுதிக் கொடுக்கிறேன். மாதக் கடைசியில் அதையும் விட்டுவிடுவேன். ஓட்டுநர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நீ சாப்பிடுகிறாயா?

உன் நெட்டை


மார்ச் 9

நெட்டைக் கொக்கே,

சாப்பிடுகிறேன். எலிகளைவிடக் குறைவாக.

விடுதி அலமாரியில் உன் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவே கோடு போட்டவள் நீ. என் சீப்பு ஒரு நூல் தாண்டினால் கட்டிலில் வீசுவாய். நீ கோட்டைத் தப்பாகப் போட்டிருக்க மாட்டாய். அப்படியானால் எலிதான் தப்பு.

ராஜினாமா எழுதாதே. எழுதினால் நேரில் வந்து கிழிப்பேன்.

குள்ளி


மார்ச் 21

கரைந்துவிட்டதடி!

பொறு. வரிசையாகச் சொல்கிறேன்.

கிருமி நுழைந்ததும் உடம்பு அதைச் சுற்றி ரத்தத்தை உறையவைத்து வேலி போடுகிறது. அந்த வேலியைக் கரைக்கும் நொதியும் நம் ரத்தத்திலேயே தூங்குகிறது. காயம் ஆறும்போது எழுந்து வேலியைப் பிரிக்க வேண்டியது. இந்தக் கிருமி ஒரு புரதத்தை அனுப்பி அதை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. நம் ஆளை வைத்தே நம் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போகிறது. திருட்டுப் பயல்.

எலியின் நொதி இந்தப் புரதத்துக்கு எழுவதில்லை. மனிதனுடையது எழுகிறது. அதனால்தான் எலிகள் கொழுத்தன.

என் ரத்தத்தை இரண்டு குழாயில் உறையவைத்தேன். “எலி தீந்துபோச்சா மேடம்?” என்றார் உதவியாளர். ஒன்றில் ஓட்டுநரின் கிருமி. மற்றதில், புண் பரவாமலே ஆறிய வேறொரு நோயாளியுடையது. தேநீர் குடித்துவிட்டு வந்தேன். ஓட்டுநரின் குழாயில் கட்டியே இல்லை. தண்ணீர் போல் இளகிய ரத்தம். மற்றதில் மறுநாளும் கட்டி அப்படியே இருந்தது.

உதவியாளரின் ரத்தத்திலும் அதேதான். என் பேராசிரியரின் ரத்தத்திலும். அவர் ஊசிக்கு அலறினார். அது தனிக் கதை.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதியதை அனுப்பிவிட்டோம். கிருமிதான் அவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது. நீ சரியாகத்தான் பார்த்தாய்.

குள்ளி


ஏப்ரல் 2

என் குள்ளி,

தலைமை மருத்துவர் என் அறைக்கே வந்தார். உட்காரவில்லை. “உங்க கோடு சரிதாம்மா,” என்றார். போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஓட்டுநரிடம் சொன்னேன்.

“அப்ப என் ரத்தமே எனக்குத் துரோகம் பண்ணிடுச்சா?”

“ஏமாந்துபோச்சுண்ணே.”

“என்னை மாதிரியேதான் இருக்கு!” சிரித்தார். பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது. “வேகமா ஓடுற கிருமின்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அடுத்த ஆளுக்காவது சீக்கிரம் வெட்டுங்க. சாயங்காலம் வர்றேன்னு போயிடாதீங்க!”

கடைசியில் திட்டிவிட்டார். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியை. அதே கணுக்கால், அதே சிவப்பு. கோடு போட்டேன். போகவில்லை. கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தேன். கத்தியைக் கேட்டேன். கெட்டுப்போன சதையை மட்டும் அறுத்தெடுத்தேன்.

இன்று காலை அவர் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றுகொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். “எல்லாம் சரி டாக்டர். இந்தக் கோடு மட்டும் சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குதே?”

“நல்ல பேனாம்மா,” என்றேன்.

அடுத்த அறுவைக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

உன் நெட்டை