மேஸ்திரிக்காகப் போட்ட கதவு

அப்பா,

காலையில் வலைக்கதவின் ஸ்பிரிங் அறுந்துபோனது. பால் பாக்கெட்டை எடுக்கத் திறந்தேன், ‘டங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எப்போதும் முதுகில் வந்து அறைகிற கதவு பாதியிலேயே நின்று காற்றில் ஆடியது. சத்தத்தைக் கேட்ட மேஸ்திரி சமையலறையிலிருந்து மூன்று காலில் பாய்ந்து வந்தான். காலைக் குறுக்கே நீட்டித் தடுத்து, தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் விட்டுச் சாத்தினேன். அப்போதிலிருந்து மியாவ் மியாவென்று கத்திக்கொண்டே இருக்கிறான்.

ஆசாரி வந்து பார்த்தார். வலையும் இற்றுப்போய்விட்டது என்று கதவையே கழற்றித் தன் பட்டறைக்கு எடுத்துக்கொண்டார். சாயங்காலம் கொண்டுவருவாராம். வாசல் திறந்து கிடக்கிறது, பனி தாராளமாக உள்ளே வந்து போகிறது. மரக்கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக உட்காரலாம்தான். ஆனால் அந்தக் கதவைப் பகலில் சாத்த எனக்கு மனம் வருவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் உங்கள் பிரம்பு நாற்காலியை வாசலுக்கு நேரே போட்டுக்கொண்டு, குரங்கு வருகிறதா என்று ஒரு கண்ணும், மேஸ்திரி உள்ளே எதை உருட்டுகிறான் என்று ஒரு காதுமாக இதை எழுதுகிறேன். ஒரு வரி எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்துவிடுகிறேன்.

எழுந்திருப்பதற்கு மேஸ்திரி மட்டும் காரணமில்லை. கதவைத் தோளில் ஏற்றும்போது ஆசாரி ஒன்று கேட்டார்.

“ஏனுங்க அக்கா, பெரியவர்தான் போயிட்டாரே. இனி இந்தக் கதவு எதுக்குங்க? எடுத்துட்டா ஊடு வெளிச்சமா இருக்குமே.”

“அது பூனைக்குப் போட்ட கதவுங்க,” என்றேன்.

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். “ஆமாங்க, பூனைக்குப் போட்டதுதானுங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதை அவர் சொன்ன விதத்தில்தான் என் பொழுது கெட்டது. ஆக, ஆசாரிக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் பாதி ஊருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியுமா?

இந்த மேஸ்திரியை நாம் ஆசைப்பட்டு வாங்கி வரவில்லை. ஏரிக்குப் போகிற ரோட்டில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து ஜீப் ஏதோ ஒன்று ஏறி, பின்னங்கால் நசுங்கிக் கிடந்த செவலைப் பூனைக்குட்டி. நான்தான் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். சேலத்தில் காலை எடுத்துத் தையல் போட்ட டாக்டர், “இனி இதை வெளியே விடாதீங்க, நாய் தொரத்தினா இதால மரம் ஏற முடியாது,” என்றார். பஸ் அடிவாரம் தாண்டி மலையில் ஏற ஏற, ஒவ்வொரு வளைவுக்கும் நீங்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்து முறைத்துக்கொண்டே வந்தீர்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலமெல்லாம் காப்பிக் கிடங்கில் எலி பிடிக்கிற பூனைகளைத்தான் பூனை என்று மதித்தவர் நீங்கள்.

“ஊட்டுக்குள்ளயே அடைச்சு வெச்சு வளக்கறதுன்னா அது பூனையா, பொம்மையா?” என்று கேட்டீர்கள்.

கேட்டுவிட்டு எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தீர்கள். அவன் வெளிக்குப் போக ஆசாரியிடம் சொல்லி சில்வர் ஓக் மரத்தூள் மூட்டை வரவழைத்தீர்கள். நகம் கீற, பிடுங்கிப் போட்ட பழைய காப்பிக் கட்டையில் சாக்கைச் சுற்றிக் கட்டினீர்கள். புல் கடிக்க முடியாதே என்று ஒரு தொட்டியில் கேழ்வரகைத் தூவி முளைக்க வைத்தீர்கள். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எடுக்கிற மேஸ்திரி மாதிரி காலையில் எல்லா அறைக்கும் ஒரு சுற்றுப் போய், எழுந்தவர் யார் எழாதவர் யார் என்று பார்த்து வருகிறான் என்று மேஸ்திரி எனப் பேர் வைத்ததும் நீங்கள்தான். முதல் மாதம் முழுக்க அவன் ஜன்னல் ஜன்னலாக ஏறி அழுதான். பழகிவிடும் என்று நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உங்களால் முடியவில்லை. அவனை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தீர்கள். “ரவுண்டு போயிட்டு வர்றோம் கண்ணு, நீ தூங்கு,” என்பீர்கள்.

அப்புறம் உங்களுக்கே கால் வீட்டில் தரிக்காமல் போனது. காலையெல்லாம் தெளிவாகத்தான் இருப்பீர்கள். பேப்பர் படிப்பீர்கள், பகலில் சமைத்துத் தர வரும் தெரசா அக்காவின் குழம்பில் உப்பு கம்மி என்பீர்கள். பொழுது சாய்ந்தால் வேறு ஆளாகிவிடுவீர்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவீர்கள். ஒரு நாள் கரடியூர் ரோட்டில், முன்னால் போகிற ஆள் தெரியாத பனியில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்த உங்களைக் காய்கறி வண்டிக்காரர் ஏற்றி வந்தார். இன்னொரு நாள் பஸ் ஏறி அடிவாரத்து டீக்கடையில் இறங்கி உட்கார்ந்துவிட்டீர்கள். நான் சேலத்து ஆபீசிலிருந்து திரும்பும் பஸ், அந்த டீக்கடையைத் தாண்டித்தான் அன்றும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தேன் நான்.

மரக்கதவைப் பூட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு சாயங்காலம். நீங்கள் கதவை இரண்டு கையாலும் அடித்து, “என்னைப் பூட்டி வெச்சுட்டயா? உங்கப்பனைப் பூட்டி வெச்சுட்டயா சாமி?” என்று அழுதீர்கள். சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிட்டேன். அன்றோடு சரி.

வழி காட்டியது மேஸ்திரிதான். நீங்கள் ஒரு சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தபோது, அவன் உங்கள் கால் சந்தில் நுழைந்து வெளியே ஓடப் பார்த்தான். நீங்கள் குனிந்து லபக்கென்று பிடித்துவிட்டீர்கள். “ஏண்டா, நாய் கடிச்சுக் கொதறிருமேடா,” என்று திட்டிக்கொண்டே அவனைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். வேலை மறந்துபோயிற்று. நான் சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்தேன். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் பட்டறையில் நின்று, வாசலுக்கு ஒரு வலைக்கதவு வேண்டும், தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி ஸ்பிரிங் போட்டு, என்று ஆசாரியிடம் சொன்னேன். எதற்கென்று அவர் கேட்டதற்கு, பூனை ஓடிவிடுகிறது என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அவர் வந்து கதவு மாட்டிய அன்று நான் ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கதவை உள்ளே மாட்டுகிற கொண்டியை ஏதோ பரணுக்குப் போடுகிற மாதிரி உச்சியில் போட்டிருந்தார். நானே எக்கி நின்றால்தான் எட்டியது. போதாததற்குக் கீழே, சரியான உயரத்தில், வேண்டாத ஸ்குரூ ஓட்டைகள் வேறு. “ஒரு பூனைக்கு எதுக்கு இத்தனை உசரத்துல கொண்டி? இந்த ஆசாரிக்குக் கூலி குடுத்தது தண்டம்,” என்று உங்களிடம்தான் கத்தினேன். நீங்கள் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “இருந்துட்டுப் போகட்டும் உடு கண்ணு,” என்றீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் மரக்கதவை அடிக்கவில்லை. வலை வழியாகக் காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, மாதா கோயில் மணி கேட்டது. நீங்களும் மேஸ்திரியும் அதற்குப் பின்னால் உட்கார்ந்து போகிற வருகிற ஜீப்பையெல்லாம் பார்த்தீர்கள். வருகிறவர்களிடம், “சீக்கிரம் உள்ள வாங்க, பூனை ஓடிரும்,” என்று அதட்டினீர்கள். பொழுது சாய்ந்து கால் பரபரக்கிறபோது கூடத்துக்கும் சமையலறைக்குமாக ரவுண்டு. முதலில் உங்கள் செருப்புச் சத்தம், பின்னாலேயே அவனுடைய மூன்று கால் தத்தல். நான் காய் நறுக்கியபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் கத்தியோடு ஓடி வருவேன். நடை நின்றிருக்காது, கம்பளத்தின் மேல் போயிருப்பீர்கள்.

அந்தக் கதவால் எனக்கொரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் கதவைத் திறந்தாலும் ஒருக்களித்து நின்று, வலது காலைக் குறுக்கே வைத்து, இடுக்கு வழியாகத்தான் நுழைவேன். ஆபீசில் மேனேஜர் அறைக்குள் அப்படி நுழைந்து, “என்னம்மா, காலில் அடியா?” என்று கேட்கவைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் உங்களை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவை நான்தான் முன்னால் போய்த் தள்ளித் திறந்தேன். கால் தானாகக் குறுக்கே போனது. பின்னால் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் தடுமாறி நின்றார்கள். தெரசா அக்கா என் முழங்கையைப் பிடித்து, “காலை எடு சாமி,” என்றார். அப்போதுதான் எடுத்தேன்.

காலையிலிருந்து என்னை உட்காரவிடாமல் செய்வது இதுதான், அப்பா. பூட்டு என்று சொல்லாமல் பூட்டினேனோ? உங்களுக்கு அது தெரிந்து, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அந்த வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்களோ? அன்றைக்குக் கேட்ட அந்த ஒரு அழுகை எனக்குப் போதும். அதற்கப்புறம் நீங்கள் சத்தமில்லாமல் அழுதிருந்தால் அதை நான் எங்கே போய்க் கேட்பது? பாத்திரம் துலக்கினேன், துலக்கியதையே மறுபடி துலக்கினேன். கேழ்வரகுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அது வழிந்து ஓடுகிறது. உள்ளே மேஸ்திரி கதவைப் பிறாண்டுகிறான். அவனுக்குப் பதில் சொல்லவும் எனக்குப் பொறுமையில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். ஆசாரி வந்துவிட்டுப் போனார். மீதியை இப்போது எழுதுகிறேன்.

புது வலை, புது ஸ்பிரிங். கதவை நிறுத்திப் பார்த்துவிட்டு, உளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“கொண்டியைக் கீழ எறக்கி வெச்சிரட்டுங்களா? நீங்க தினமும் எக்கி எக்கித் தொறக்கறதைப் பாத்தா எனக்கே சங்கடமா இருக்குதுங்க.”

நாள் முழுக்கச் சேர்ந்த எரிச்சலெல்லாம் அவர் மேல் பாய்ந்தது. “அன்னைக்கே கீழ வெச்சிருக்கலாமேங்க. பூனைக்கு எதுக்கு அத்தனை உசரம்?”

“நான் கீழதானுங்க வெச்சேன். இந்த ஓட்டையெல்லாம் அதுதானுங்க. பெரியவர்தான் கழட்டி மேல வெய்யின்னாரு.”

“ஏனாம்?”

அவர் உளியைக் கீழே வைத்தார். “அவர் இருக்கறப்போ உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாருங்க. கதவுகிட்ட வந்து நின்னு, கை ரெண்டையும் தூக்கிக் காமிச்சாரு. தோளுக்கு மேல எந்திரிக்கலை. ‘எங்கையி இவ்வளவுதாம்ப்பா போகும், இதுக்கு மேல வெய்யி, எனக்கு எட்டக் கூடாது’ன்னாரு.”

எனக்கு மறந்தா போகும்? உங்களுக்குத் தோள் இரண்டும் பிடித்துக்கொண்டு, சட்டையைக்கூட நான்தானே மாட்டிவிடுவேன்.

“ஏனுங்க பெரியவரே, இப்படிச் சொல்றீங்கன்னு கேட்டேனுங்க. ‘பொழுதுபோனா நான் நானா இருக்கறதில்லப்பா. புள்ளை என்னையத் தேடிக்கிட்டு ரோடு ரோடா ஓடுது. அதுகிட்ட பூனைக்குப் போட்ட கதவுன்னே சொல்லிரு. எனக்காக வெச்சதுன்னு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அது நொம்ப வருத்தப்படும்’னாரு.”

ஆசாரி முன்னாலேயே அழுதேன், அப்பா. முந்தானையைத் தேடக்கூடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோபமும் வந்தது. உங்களிடம் மறைத்துவிட்டேன் என்று நான் இத்தனை நாள் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்க, நீங்கள் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்றிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

“அப்போ எறக்கிரட்டுங்களா?” என்று ஆசாரி மெல்லக் கேட்டார்.

“வேண்டாங்க. அங்கயே இருக்கட்டும். நான் எக்கிக்கறேன்.”

அவர் பழைய இடத்திலேயே ஸ்குரூவை முடுக்கினார். கீழே இருந்த ஓட்டைகளை மக்கு வைத்து அடைக்கப் போனார், அதையும் வேண்டாம் என்றேன். டீ கொடுத்தேன். மரத்தூள் மூட்டையை வழக்கம்போல மூலையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அவரை அனுப்ப எக்கி நின்று கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்தேன். என் வலது கால் குறுக்கே போனது. அவர் அதைத் தாண்டி, பனிக்குள் இறங்கிப் போனார். மேஸ்திரி உள்ளறையில், கத்திக் கத்திக் களைத்து, உங்கள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், வாசலில் நின்ற அவ்வளவு நேரமும் காலை எடுக்காமலேயே நின்றிருந்தேன்.