காசில் இருக்கும் தோள்

அன்புத் தங்கைக்கு,

அப்பா பிழைத்துக்கொள்வார், இன்று காலை மருத்துவரே உறுதியாகச் சொன்னார். புகையால் குரல் மட்டும் வரவில்லை.

முந்தாநாள் எங்கள் நான்காம் மாடியில் தீப்பிடித்தது. அப்பாவைத் தூக்கி இறக்கியவன் சலவைக்காரன் தல்லுஸ். என் தோளில் காசுக்கு அச்சு வெட்டும் கருவிப் பெட்டி இருந்தது.

நான் அச்சு வெட்டிய புது வெள்ளிக்காசை நீ பார்த்திருப்பாய். அதில், எரியும் ஊரிலிருந்து கிழத் தந்தையைத் தோளில் சுமந்துவரும் மகன். அந்தத் தந்தைக்கு நம் அப்பாவின் முகத்தையே வைத்தேன். பிள்ளைக் கடமைக்கு இதுவே சின்னம் என்று ரோம் முழுக்கப் பேச்சு.

நேற்றுத் தெருவில் தல்லுஸ் அந்தக் காசைச் சுண்டிப் பிடித்தான். “ஏம்பா, காசுல அப்பாவைத் தூக்குறே, நெசத்துல பெட்டியையா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து நாளில் பேசுவார் என்கிறார் மருத்துவர். அதற்குள் வந்துவிடு. அவர் சொல்லப்போவதைத் தனியே கேட்க எனக்குத் தைரியமில்லை.

உன் அண்ணன்